ஆங்கில உரையாடல் வகுப்பு: பேசும் நேரம் அனைவருக்கும் உரியது

கனடாவில் பல பொது நூலகங்களும் சமூக நிலையங்களும் வளர்ந்தோருக்கான ஆங்கில உரையாடல் வட்டங்களை இலவசமாக நடத்துகின்றன. பேசிப் பழகுவதே இவற்றின் நோக்கம். ஆகவே, ஒருவர் அங்கு பேசும் நேரமே அவர் பெறும் பாடம். அந்நேரம் ஒருசிலரிடம் மட்டும் சேருமாயின், ஏனையோர் மாதக் கணக்கில் வந்தும், மருத்துவரிடம் தமது நோயைப் பிள்ளையின் வாய்மொழியாகவே கூறவேண்டிய நிலை தொடரும்.

நேரக் கணக்கு

ஒரு மணி நேர வகுப்பில் 12 பேர் இருப்பதாகக் கொள்வோம். நடத்துநர் 12 நிமிடங்கள் பேசினால், எஞ்சும் 48 நிமிடங்களில் ஒருவருக்கு 4 நிமிடங்களே கிடைக்கும். இருவர் மட்டும் 30 நிமிடங்களை எடுத்துக்கொண்டால், மற்றப் பத்துப் பேருக்கும் தலா இரண்டு நிமிடங்கள்கூட இராது. அதே 48 நிமிடங்களும் சோடி சோடியாகப் பேசுவதற்கு ஒதுக்கப்பட்டால், ஒவ்வொருவருக்கும் 24 நிமிடங்கள் கிடைக்கும். நடத்துநர்கள் வகுப்பை அடிக்கடி சோடிகளாகப் பிரிப்பதன் காரணம் இதுவே.

மௌனத்தின் காரணங்கள்

பேசாதிருப்பவர் மொழி அறியாதவர் என்று கொள்ளலாகாது. அவர் மனத்தில் வசனத்தை அமைத்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்தவரிடம் சென்றுவிடக்கூடும். மூத்தோர் பேசுகையில் குறுக்கிடலாகாது என்னும் பழக்கமும் தடையாகலாம். தம்பதியர் அருகருகே அமர்ந்தால், ஒருவருக்குரிய விடையை மற்றவர் கூறிவிடுவதும் உண்டு. “உங்கள் குடும்பத்தைப் பற்றிக் கூறுங்கள்” என்பது பலருக்கு எளிய வினா. போரில் உறவுகளை இழந்தவருக்கு அவ்வாறன்று.

வகுப்பில் கையாளப்படும் முறைகள்

• வினாவைக் கேட்டபின், விடை கூறுமுன் அனைவருக்கும் ஒரு நிமிடம் சிந்திக்க இடமளித்தல்.
• ஒவ்வொருவருக்கும் மூன்று வில்லைகள் வழங்குதல். பேசும்போதெல்லாம் ஒன்றை மேசையில் வைக்கவேண்டும். மூன்றும் தீர்ந்தவர் ஏனையோர் பேசும்வரை காத்திருப்பார்.
• சரளமாகப் பேசுவோரிடம் வினாக் கேட்கும் பொறுப்பை ஒப்படைத்தல். இது தண்டனை அன்று. தொடர்வினாக் கேட்டு உரையாடலை வளர்ப்பதும் ஒரு மொழித்திறனே.
• உறவினரையும் ஒரே மொழி பேசுவோரையும் வெவ்வேறு மேசைகளில் அமர்த்துதல்.

கற்பவர் செய்யக்கூடியவை

சிந்திக்க நேரம் தேவைப்படின் “ஐ நீட் எ மினிட், ப்ளீஸ்” என்றும், இடையில் கருத்துக் கூற விரும்பின் “மே ஐ ஆட் சம்திங்?” என்றும் கூறலாம், இவை நாகரிகமான சொற்களே. விடையளிக்க விரும்பாத வினாவிற்கு “ஐ வுட் லைக் டு பாஸ்” என்றால் போதும், காரணம் கூறவேண்டியதில்லை. நீண்ட நேரம் பேசியவர் “வாட் டூ யூ திங்க்?” என்று அருகிலிருப்பவரிடம் கேட்டுப் பேச்சை ஒப்படைக்கலாம். பேச வாய்ப்புக் கிடைக்கவில்லையெனின், வகுப்பு முடிந்தபின் நடத்துநரிடம் தனிமையில் தெரிவிக்கலாம். அது குறைகூறல் ஆகாது.

குடியுரிமைக்கு விண்ணப்பிப்போர் கவனத்திற்கு

18 முதல் 54 வயது வரையானோர் ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் பேசுதலிலும் கேட்டலிலும் கனேடிய மொழித் தரநிலை 4ஐ அடைந்தமைக்குச் சான்று சமர்ப்பிக்க வேண்டும். உரையாடல் வட்டத்திற்கு வந்தமை அத்தகைய சான்றாகாது. மத்திய அரசின் நிதியுதவியுடன் நடைபெறும் லிங்க் வகுப்பில் அத்தரநிலையை அடைந்து பெறும் சான்றிதழ் ஏற்கப்படும். நிரந்தர வதிவுரிமை பெற்றோரும் பாதுகாப்புப் பெற்ற அகதிகளும் லிங்க் வகுப்பில் சேரலாம். குடியுரிமை பெற்றபின் சேர இயலாது. ஆகையால், தகுதியுடையோர் லிங்க் வகுப்பில் காலந்தாழ்த்தாது சேர்ந்து, அங்கு கற்றதைப் பேசிப் பழகும் களமாக உரையாடல் வட்டத்தைப் பயன்படுத்துதல் நன்று.