உங்களுக்குத் தெரியுமா? கழற்றிய பட்டையிலும் மருந்து உண்டு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ‘நர்சிங் ஹோம்’ என்னும் பெயர்ப்பலகை பெரும்பாலும் சிறு தனியார் மருத்துவமனையையே குறிக்கும். மேனாட்டார் அச்சொல்லால் சுட்டுவது இங்கு முதியோர் இல்லம். எவ்விடமாயினும், கடும் வலிக்குத் தரப்படும் மார்ஃபின், ஃபென்டனில் முதலியவை 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்ட ‘கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள்’, அதாவது இருப்பும் வழங்கலும் கணக்கில் வரவேண்டியவை. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின், இவ்விரண்டையும் உள்ளிட்ட ஆறு மருந்துகளை, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் பல உரிமங்களுக்கு அலையாமல் வாங்கி வைக்க வழி பிறந்தது. வலியில் துடிப்போர்க்கு அது காலங்கடந்த நியாயம்.

பலரும் அறியாதது ஒன்றுண்டு. தோலில் ஒட்டப்படும் ஃபென்டனில் பட்டையை வழக்கமாக மூன்று நாளில் கழற்றிய பிறகும், குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதுமான மருந்து அதில் எஞ்சியிருக்கக்கூடும். எனவே, ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு அதை இரண்டாக மடித்துக் கழிப்பறையில் இட்டு நீரூற்றுவதே வீட்டில் பாதுகாப்பானது. நீர் மாசுபடுமே என்னும் தயக்கம் நியாயமானதே. ஆயினும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஃபென்டனில், டிரமடால், டயஸிபாம் உள்ளிட்ட 17 மருந்துகளுக்கு இம்முறையையே பரிந்துரைக்கிறது. மருத்துவமனைகளில் காலாவதியான மருந்துகள், 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, மஞ்சள் நிறப் பிரிவில் சேர்க்கப்படுகின்றன.