நடுங்கும் கையும் பூனைக்காலி விதையும்

கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரையில் வலைக் கிழிசலை முடிந்துகொண்டிருந்த பெரியவரைக் கண்டோம். நூலைப் பற்றியபோது அடங்கியிருந்த வலக்கை, மடியில் வைத்ததும் ஆடத் தொடங்கிற்று. வீட்டார் மூப்பென்று எண்ணியிருந்தனராம். காரைக்கால் டாக்டரோ பார்க்கின்ஸன் வியாதி என்றார். நம் முன்னோர் கம்பவாதம் என்றதும் இத்தகைய நடுக்கத்தையே.

மூளையில் டோபமீன் என்னும் வஸ்து குறைவதால் வருவது இது. அதை ஈடுசெய்யும் டோபாவை, வேலியோரத்தில் நம்மை அரிக்கச் செய்யும் பூனைக்காலியின் விதையிலிருந்து 1937-ல் பிரித்தெடுத்தவர்கள் சென்னைச் சர்வகலாசாலையின் தாமோதரனும் ராமஸ்வாமியும். அதன் மருத்துவப் பயன் விளங்கக் கால் நூற்றாண்டு பிடித்தது! 1983-ல் கானடா விஞ்ஞானிகள் அதே டோபாவில் கதிர்வீசும் புளோரினைச் சேர்த்துச் செலுத்தி, உயிருள்ள மனித மூளையில் அது சேரும் இடத்தைப் படம் பிடித்தனர்.

சாதாரண எம்.ஆர்.ஐ. படத்திலோ இந்நோய் பெரும்பாலும் தென்படாது. வேறு காரணங்களை விலக்கவே அது உதவும். ஆகவே, படம் சுத்தமென்று மாத்திரையை நிறுத்திவிடலாகாது. விதையைத் தாமே இடித்துண்பதும் ஆபத்து.

பெரியவருக்கு வாசற்படியருகே கால் ஒட்டிக்கொள்ளுமாம். அப்போது பிடித்திழுத்தால் விழுவார். தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் பலர் அவற்றைத் தாண்டி நடந்துவிடுகிறார்கள். மருமகளிடம் சொன்னோம். மறுநாட் காலையில் கோலத்துக்கு அப்பால் நான்கு வெள்ளைக் கோடுகள் இருந்தன.