குளிர்ந்த இரத்தமும் ஒரு டிகிரியும்

தண்டையார்பேட்டையில் லாரி மோதிப் பலத்த காயமடைந்த ஒருவரை அருகிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரத்தம் ஏராளமாக வெளியேறிவிட்டது. உடனே இரத்தம் ஏற்ற வேண்டும்.

ஆனால் இரத்த வங்கியில் இரத்தம் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அதை அப்படியே ஏற்றினால் என்ன ஆகும்? வகுப்பில் போடும் கலவை முறைக் கணக்குதான்! உடலின் எடை 60 கிலோ. வெப்பநிலை 37 டிகிரி. அதில் 2 லிட்டர் குளிர்ந்த இரத்தம் சேர்கிறது. தன்வெப்பம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. போட்டுப் பாருங்கள், சுமார் 1 டிகிரி இறங்கும்.

ஒரு டிகிரிதானே என்கிறீர்களா? இரத்தம் இழந்த உடல் முன்பே குளிர்ந்திருக்கும். 35 டிகிரிக்குக் கீழே போகப்போக, இரத்தத்தை உறையவைக்கும் நொதிகள் மந்தமாகின்றன. ஏற்றிய இரத்தமும் காயத்தின் வழியே வெளியேறும். அதனால்தான் வேகமாக நிறைய ஏற்றும்போது இரத்தத்தைச் சூடேற்றும் கருவியின் வழியே செலுத்துகிறார்கள். அவசரத்துக்குப் பையை வெந்நீரில் போட்டால் சிவப்பணுக்கள் சிதைந்துவிடும்!