மந்தையை மறவாத சொல்

தினசரிப் பத்திரிகை ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக நான் சேர்ந்த புதிதில், டெலிபிரிண்டர் கக்கிய யுத்தச் செய்தி ஒன்றைத் தமிழாக்கும் பொறுப்பு ஓர் இரவு என் தலையில் விழுந்தது. ஏதோ ஒரு தீவில் நாலாயிரம் ‘ட்ரூப்ஸ்’ கரை இறங்கியதாக அதில் கண்டிருந்தது. அகராதியைப் புரட்டி, படைப்பிரிவு என்று பொருள் கண்டு, ‘நாலாயிரம் படைப்பிரிவுகள் இறங்கின’ என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். எங்கள் பகுதிக்குத் தலைவராயிருந்த பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “ஏன் தம்பி, பிரிவுக்கு நூறு பேர் என்று வைத்தாலும் நாலு லட்சம் ஆகிறதே, அத்தனை பேருக்கும் அங்கே கால் வைக்க இடம் உண்டா?” என்று கேட்டபடியே அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்தார்.

ஒருமையில் கூட்டத்தையும் பன்மையில் தனி ஆட்களையும் குறிக்கும் விசித்திர ஸ்வபாவம் அந்தச் சொல்லுக்கு உண்டு என்பதும், நாலாயிரம் ட்ரூப்ஸ் என்றால் நாலாயிரம் சிப்பாய்களேயன்றி வேறில்லை என்பதும், அப்படியிருந்தும் ஒரே ஒரு சிப்பாயை ‘ஒரு ட்ரூப்’ என்று சொல்வது முறையான பிரயோகமாகாது என்பதும் எனக்கு அன்றுதான் தெரிய வந்தன.

வெட்கம் சில சமயம் நல்ல குரு; அன்றிலிருந்து அந்தச் சொல்லின் பூர்வோத்தரத்தை விசாரிக்கத் தொடங்கினேன். சிப்பாயைக் குறிக்கும் மற்ற ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் கௌரவமான வம்சாவளி இருக்கிறது. ‘ஆர்மி’ ஆயுதத்தை அடியாகக் கொண்டது. ‘ஸோல்ஜர்’ என்பது ரோமாபுரியின் பொன் நாணயத்தின் பெயர்வழி வந்து, சம்பளத்துக்குச் சண்டையிடுபவன் என்று பொருள்பட நின்றது. ‘ட்ரூப்’ மட்டும், பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் குடியேறியதென்றாலும், அதற்கும் முன்னே பிற்கால லத்தீனில் ஆட்டு மந்தை, மாட்டு மந்தை என்ற பொருளில் வழங்கிய சொல்லின் சந்ததி. ‘மிதமிஞ்சி’ என்பதற்குப் பிரெஞ்சுக்காரர் சொல்லும் ‘த்ரோ’வும், மேனாட்டு சங்கீத ஏடுகளில் ‘மிகையாக வேண்டாம்’ என்று எச்சரிக்க இத்தாலியர் எழுதும் ‘ட்ரொப்போ’வும் இதற்கு நெருங்கிய உறவுகளே. மந்தை பெரிதாகிப் பட்டியில் அடங்காமற்போனால் ‘இது அதிகம்’ என்றுதானே மேய்ப்பவனுக்குத் தோன்றும்!

ராணுவத்துக்குள் புகுந்த பிறகு அது குதிரைப்படையின் சொத்தாயிற்று. காலாட்படையில் ‘கம்பெனி’ என்றும் பீரங்கிப்படையில் ‘பாட்டரி’ என்றும் வழங்கிய பிரிவுக்கு ஈடாகக் குதிரைப்படையில் அமைந்ததே ட்ரூப். அதில் உள்ள வீரன் ‘ட்ரூப்பர்’. நம் நாட்டுப் படையில் அவனுக்கு ‘சவார்’ என்று பெயர். குதிரை போய் டாங்கி வந்த பின்னும் அந்தப் பட்டம் போகவில்லை. வாய்கூசாமல் வைபவனை ‘ட்ரூப்பர் மாதிரி வைகிறான்’ என்று ஆங்கிலேயர் சொல்வதற்குக் குதிரை வீரர்களின் பழைய கீர்த்தியே காரணம்.

ஆனால் இச்சொல்லின் சுவாரஸ்யமெல்லாம் அதை வினையாக ஆளும்போதுதான் வெளிப்படுகிறது. சிப்பாய்கள் முரசொலிக்கு ஏற்ப இடமும் வலமும் தவறாமல் அடிவைத்து நடப்பதற்கு ‘மார்ச்’ என்ற வினை தனியே இருக்க, இதுவோ மணி அடித்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப்பையும் புழுதிக்காலுமாக ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வகுப்பை விட்டு வெளிவரும் அழகைச் சொல்வதற்குத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. பெயராக நிற்கையில் கச்சை கட்டி விறைத்து நிற்கும் சொல், வினையாக நடக்கத் தொடங்கியதும் கச்சையை அவிழ்த்துவிட்டுப் பழைய மந்தையாகிவிடுகிறது. காட்டில் திரியும் குரங்குக் கூட்டத்துக்கும் அதே பெயரை வழங்குகிறார்கள் என்றால் ஆச்சரியம் என்ன? நாமும் சளைத்தவர்கள் அல்லோம். ராமனுக்குத் துணைநின்ற குரங்குகளைச் சேனை என்றே கொண்டாடினோம். 1930-இல் சிறுமி இந்திரா திரட்டிய பிள்ளைகள் அமைப்புக்கும் வானர சேனை என்றே பெயர் அமைந்தது.

நம் ‘பட்டாள’மும் இந்த வழியிலேயே நடந்திருக்கிறது. ஐரோப்பியப் படைகளோடு நமக்கு வந்துசேர்ந்த அந்தச் சொல், பட்டாளத்துக்காரர் என்று ஊரார் பயபக்தியோடு பேசுமிடத்தில் மிடுக்காக நிற்கிறது. கல்யாண வீட்டு வாசலில் இரண்டு ஜட்கா வண்டிகளிலிருந்து பாட்டியும் பேரன்களும் கூஜாவும் முறுக்கு டின்னும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகையிலோ, ‘அத்தை பட்டாளம் வந்துவிட்டது’ என்று சமையற்கட்டுக்குச் செய்தி போகிறது.

லண்டனில் மட்டும் இந்த வினைக்கு விதிவிலக்கான கௌரவம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், மணிமுடி தரித்தவரின் பிறந்தநாளை முன்னிட்டு, ஒரு படையின் கொடியைச் சிப்பாய் வரிசைகளின் ஊடே மெல்லடியில் ஏந்திச் செல்கிறார்கள். அதற்கு ‘ட்ரூப்பிங் தி கலர்’ என்று பெயர். 1748 முதல் பிறந்தநாளோடு பிணைந்த இச்சடங்கு இன்று கண்ணுக்கு விருந்தென்றாலும், வெடிமருந்துப் புகையில் எதிரியையும் நண்பனையும் பிரித்தறிய இயலாத காலத்தில், சிதறினால் எந்தக் கொடியின்கீழ் வந்து கூடவேண்டும் என்பதைச் சிப்பாயின் கண்ணில் பதியவைக்கும் அவசியத்திலிருந்தே இது பிறந்தது. மந்தை கலைந்தால் மணியோசை கேட்டுத் திரும்பவேண்டும் என்பதுபோலத்தான்.

நாடகக்காரர்களின் கூட்டத்துக்கும் இதே பிரெஞ்சுச் சொல்லைக் கொண்ட ஆங்கிலேயர், எழுத்தில் மட்டும் சிறு மாற்றம் செய்து இரண்டையும் பிரித்து வைத்தார்கள். தமிழிலும், எவரும் திட்டமிடாமலே, அதே பாகப்பிரிவினை நடந்திருக்கிறது: யுத்த களத்தில் இருப்பது ‘துருப்பு’, சபா மேடையில் அரிதாரம் பூசி நிற்பது ‘ட்ரூப்’. நாடகத் துருப்பில் நடித்தேன் என்று எந்த நடிகரும் சொல்லக் கேட்டதில்லை.

இவ்வளவையும் ஓர் இரவு, கடைசிப் பக்கம் அச்சுக்குப் போன பிறகு, மேஜைமேல் சீட்டுக்கட்டைப் பரப்பியிருந்த பெரியவரிடம் ஒப்பித்தேன். சீட்டாட்டத்துத் துருப்பும் இந்த மந்தையைச் சேர்ந்ததுதானே என்றேன். “இல்லை, அது வேறு குலம். வெற்றி என்று பொருள்படும் ‘ட்ரயம்ப்’ வழி வந்தது, நம் வாயில்தான் இரண்டும் ஒன்றாயின” என்றவர், கையிலிருந்த இஸ்பேட் ஏழை ஓங்கி அடித்து என் ஆடுதன் ராஜாவை வாரிக்கொண்டுபோனார்.