பினாங்கில் ஒரு நாள்

மலேசிய நாட்டின் வடமேற்கே பினாங்கு என்னும் தீவு உள்ளது. ‘பினாங்’ என்பது மலாய் மொழியில் பாக்கைக் குறிக்கும் சொல். அத்தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் நகரில் என் தங்கை குடும்பத்துடன் வாழ்கின்றாள். அவளைக் காணச் சென்றிருந்தபோது, அவள் மகன் எனக்கு நகரைச் சுற்றிக் காட்டினான்.

காலையில், நடந்தே செல்லும் தொலைவிற்குள் நான்கு வழிபாட்டிடங்களைக் கண்டோம். அவை 1818-இல் கட்டப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம், சீனரின் கருணைத் தேவி கோயில், 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்பன. மலாக்கா நகருடன் ஜார்ஜ் டவுனையும் யுனெஸ்கோ மன்றம் 2008-இல் உலக மரபுரிமைக் களமாக ஏற்றது.

நண்பகலில், “மாமா, நாசி கண்டார் உண்போமா?” என்றான். நாசி என்றால் மூக்கு என்றே அறிந்திருந்த நான் திகைத்தேன். வேற்று நாட்டு உணவாயிற்றே என்று தயங்கவும் செய்தேன். அவன் நகைத்து விளக்கினான்: மலாய் மொழியில் நாசி என்பது சோறு, கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடித்தண்டு. முற்காலத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர் சோற்றையும் குழம்பையும் தண்டின் இரு முனைகளிலும் தொங்கவிட்டுச் சுமந்து, துறைமுகத் தொழிலாளர்க்கு விற்றனராம். இன்று கடைகளில் பலவகைக் குழம்புகளைக் கலந்து சோற்றின்மேல் ஊற்றித் தருகின்றனர்.

என் தயக்கம் நீங்கியது. கடல் கடந்து வந்து உழைத்த நம்மவர் தோளில் ஏறிய உணவையா அயலுணவு என்றெண்ணினேன் என நாணினேன், நிறைவாக உண்டேன்.

அயல்நாடு செல்வோர் கட்டடங்களைக் கண்டு மீள்வதோடு அமைதல் போதாது. உண்ணும் உணவின் வரலாற்றையும் கேட்டறிதல் வேண்டும். பெயர் அறியப்படாத உழைப்பாளர் பலருடைய வாழ்வு அதனுள் அடங்கியுள்ளது.