படிக்கட்டில் நிற்கும் உரிமை

மாற்றுத்திறனாளிகளின் வீட்டுரிமை என்றதும் இட ஒதுக்கீடே பலருக்கும் நினைவுக்கு வரும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 37-ஆவது பிரிவு, அரசின் வீட்டு வசதித் திட்டங்களில் 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உடையோருக்கு 5 சதவீதம் ஒதுக்குமாறு கூறுகிறது. அதில் பெண்களுக்கு உரிய முன்னுரிமையும் உண்டு. ஆனால், ஒதுக்கப்பட்ட வீட்டின் வாசலில் நான்கு படிகளும், சக்கர நாற்காலி நுழைய முடியாத குளியலறைக் கதவும் இருந்தால் அந்த ஒதுக்கீட்டால் என்ன பயன்? அரசுத் திட்டங்களுக்கு வெளியே, சந்தையில் வீடு தேடுவோருக்கோ அதுவும் இல்லை.

எனவே, அதிகம் பேசப்படாத 44-ஆவது பிரிவைக் கவனிக்க வேண்டும். அணுகல்தன்மை விதிகளுக்கு உட்படாத வரைபடத்துக்கு எந்த நிறுவனத்துக்கும் கட்டட அனுமதி தரக் கூடாது; விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் வழங்கவோ, அதில் குடியேற அனுமதிக்கவோ கூடாது என்கிறது அப்பிரிவு. நிறுவனம் என்பதற்கு இச்சட்டம் தரும் வரையறையில் தனியார் நிறுவனங்களும் அடங்கும். ஆகவே, அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டி விற்கும் நிறுவனம் விலக்குக் கோர இடமில்லை.

இவ்வளவு தெளிவான சட்டம் வலுவிழந்ததற்கு விதிகளும் ஒரு காரணம். 2017-இல் வகுக்கப்பட்ட 15-ஆவது விதி, தரநிலைகளை வெறும் வழிகாட்டுதல்களாகவே விட்டுவைத்தது. 2005-இல் தொடுக்கப்பட்ட ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், அவ்விதியின் முதல் உட்பிரிவு சட்டத்துக்கு முரணானது என அறிவித்தது. மீறக் கூடாத அடிப்படைத் தரங்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இதன் கணக்கையும் சொல்ல விரும்புகிறேன். தரைத்தளம் தெருவைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருந்தால், 1:12 என்ற சரிவில் சாய்தளம் அமைக்க 18 அடி நீளம் தேவை. வரைபட நிலையிலேயே அந்த இடத்தை ஒதுக்கினால் கூடுதல் செலவு சொற்பமே. கட்டி முடித்து, வாகன நிறுத்தத்துக்கும் இடம் பிரித்துக் கொடுத்த பிறகு அந்த 18 அடிக்கு எங்கே போவது? மிச்சப்படுத்துபவர் கட்டுநர், இழப்பவரோ பின்னாளில் குடிவரும் மாற்றுத்திறனாளி அல்லது அங்கேயே முதுமை அடையும் குடியிருப்பாளர். பேரத்தின்போது எதிரில் இல்லாதவரின் தேவையைச் சந்தை கணக்கில் கொள்வதில்லை. அதனால்தான் சட்டம் தேவைப்படுகிறது.

அமெரிக்காவின் நியாய வீட்டு வசதிச் சட்டத்தில் 1988-இல் செய்யப்பட்ட திருத்தம், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட புதிய கட்டடங்களுக்கு அணுகல்தன்மையைக் கட்டாயமாக்கியது. மேலும், வாடகைக்கு இருக்கும் மாற்றுத்திறனாளி தம் சொந்தச் செலவில் கைப்பிடி பொருத்துவது போன்ற நியாயமான மாற்றங்களைச் செய்துகொள்வதை வீட்டு உரிமையாளர் மறுக்க முடியாது. வெளியேறும்போது உட்புறத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருமாறு நியாயமான அளவில் கேட்கலாம். இரு தரப்பு நலனையும் காக்கும் ஏற்பாடு இது.

நம் வாடகைச் சட்டங்களிலும் இத்தகைய வெளிப்படையான பிரிவு இடம்பெற வேண்டும். அதைவிட உடனடியாகச் செய்யக்கூடியது, பணி நிறைவுச் சான்றிதழில் கையொப்பமிடும் அதிகாரி நுழைவாயில், மின்தூக்கி, கதவகலம் ஆகியவற்றை நேரில் அளந்து பதிவு செய்வதாகும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களுக்குச் சட்டம் வழங்கிய உரிமை நடைமுறைக்கு வருவதும் வராததும் அந்த ஒரு கையொப்பத்தைப் பொறுத்தே இருக்கிறது.