பட்டியலில் இல்லாத கிழங்கு

போன ஏகாதசிக்கு அம்மா விரதம் இருந்தாள். காலையில் நிலக்கடலையைப் பொடித்துப் போட்டு, பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டு ஜவ்வரிசி உப்புமா. பதினோரு மணிக்கு இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். மத்தியானம் உருளைக்கிழங்கு பொடிமாஸ். சாயங்காலம் ஒரு கிண்ணம் பப்பாளி. ராத்திரி எட்டு மணிக்கு ஈசிசேரில் சாய்ந்துகொண்டு, "காலையிலேர்ந்து பட்டினிடா, கண்ணை இருட்டிண்டு வரது" என்றாள்.

"சோறு மட்டும்தானேம்மா சாப்பிடலை?" என்றேன்.

"அதுக்குப் பேர்தான் விரதம்."

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தபோது 238. சாதாரண நாளில், சோறு சாப்பிட்டே, 150ஐத் தாண்டாது. பட்டினி கிடந்து சர்க்கரையை ஏற்றிக்கொண்ட அதிசயம் எப்படி நடந்தது என்று பார்க்கத்தான் அந்தத் தட்டைக் கொஞ்சம் கிளற ஆரம்பித்தேன். கிளறியதில் கிடைத்தவை இந்தக் குறிப்புகள்.

முதலில் ஜவ்வரிசி. அரிசி விலக்கப்பட்ட நாளில், பெயரிலேயே அரிசியை வைத்துக்கொண்டு தைரியமாக உள்ளே வருகிற ஆசாமி. ஜாவாவிலிருந்து வந்த அரிசி, அதனால் ஜவ்வரிசி என்பார்கள். அசல் சாகோ என்பது தென்கிழக்காசியாவில் ஒருவகைப் பனையின் தண்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றைக் கரைத்து எடுக்கும் மாவு. இரண்டாம் உலகப் போரில் அந்த இறக்குமதி நின்றுபோனது. 1943 வாக்கில் சேலத்தில், கையில் கிடைத்த மரவள்ளிக்கிழங்கை வைத்து அதே மாதிரி உருட்டிப் பார்த்தார்கள். பிடித்துக்கொண்டது. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. மரவள்ளியோ தென்னமெரிக்கச் செடி, போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்தது. ஆக, பிரேசில் பக்கத்துக் கிழங்கு, ஜாவாவின் பெயர், உலகப் போர் கொடுத்த தொழில், சேலத்து ஆலை. இதைச் சாப்பிட்டால் வைகுண்டம்.

இந்த உப்புமாவை அம்மா கற்றுக்கொண்டது அக்கா வீட்டில், புனேயில். அங்கே சாபுதானா கிச்சடி இல்லாத விரதம் கிடையாது. ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. நாரும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி புரதமும் இல்லை. 238க்குக் காரணம் அங்கேயே பாதி கிடைத்துவிட்டது. மீதியை வாழைப்பழமும் உருளைக்கிழங்கும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

தட்டில் மற்றவர்களையும் விசாரிப்போம். உருளைக்கிழங்கு ஆண்டீஸ் மலைக்காரர். பப்பாளியும் அமெரிக்கக் கண்டம்தான். நிலக்கடலையும் தென்னமெரிக்கா, விழுப்புரம், கடலூர் பக்கம் இன்னும் மல்லாட்டை என்பார்கள், அது மணிலாக்கொட்டை தேய்ந்தது. வந்த வழியைப் பெயரே சொல்கிறது. மிளகாய் மெக்சிகோ பக்கம். அது வருவதற்கு முன்னால் நம் காரம் மிளகுதான். புதிதாக வந்த காய் மிளகு மாதிரியே உறைத்ததால் மிளகு காய், மிளகாய். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498. அதற்கு முந்தைய ஏகாதசி எதிலும் அம்மாவின் தட்டில் வாழைப்பழமும் பாலும் தவிர வேறெதுவும் இருந்திருக்க முடியாது. அதைத்தான் விரதம் என்று சொல்லியிருப்பார்களோ என்னவோ.

பலகாரம் என்ற சொல்லையே பாருங்கள். பலம் என்றால் பழம். பல ஆகாரம் என்றால் பழ உணவு. விரத நாளில் சமைத்த சோற்றை விட்டுப் பழத்தோடு நிறுத்திக்கொள்வது என்று ஆரம்பித்த சொல். தமிழ்நாட்டுக்கு வந்து அது முறுக்கும் பஜ்ஜியுமாகிவிட்டது. எங்கள் வீட்டில் அமாவாசை ராத்திரி "இன்னிக்குப் பலகாரம்தான்" என்றால் வெண்ணெயும் வெல்லமும் தொட்டுக்கொண்டு நாலு அடை என்று அர்த்தம். அரிசியை முழுசாக வேகவைத்தால் சாப்பாடு. அரைத்துக் கல்லில் ஊற்றினால் விரதம்.

இதற்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல அக்கா அனுப்புகிற ராஜ்கிரா சிக்கி. வடக்கே விரதக் கடைகளில் முதல் வரிசையில் இருக்கும் பண்டம். ராஜ்கிரா என்பது நம் தண்டுக்கீரை ஜாதியில் ஒரு செடியின் விதை. விதைக்காக வளர்க்கும் அந்த வகைகள் அமெரிக்கக் கண்டத்தவை. மெக்சிகோவில் அஸ்டெக்குகள் இந்த விதையின் மாவைப் பிசைந்து சாமி உருவம் செய்து, பூஜை முடிந்ததும் பிட்டுச் சாப்பிட்டார்கள். படையெடுத்து வந்த ஸ்பானியர்களுக்கு அது சகிக்கவில்லை, அடக்கி ஒடுக்கினார்கள். இன்றும் மெக்சிகோவில் பொரித்த விதையைத் தேன் பாகில் கலந்து பாளம் போட்டு விற்கிறார்கள். நம் சிக்கிதான், வெல்லத்துக்குப் பதில் தேன். அங்கே சாமிக்கு ஆகாது என்று துரத்தப்பட்டது, இங்கே சாமிக்காக மட்டுமே வாங்கப்படுகிறது.

பிள்ளையார் சதுர்த்திச் சந்தையில் விளாம்பழத்துக்குப் பக்கத்தில் மக்காச்சோளக் கதிர் வைத்திருப்பார்கள். பிறந்தது மெக்சிகோ, பெயரில் மக்கா, போய்ச் சேருவது பிள்ளையார் முன்னால். பறங்கிக்காயில் பறங்கி என்று பட்டவர்த்தனமாக எழுதியே ஒட்டியிருக்கிறது. பொங்கலன்று அதற்குப் பெயர் நாட்டுக்காய்.

சரி, இவையெல்லாம் எப்படி உள்ளே வந்தன? என் கணக்கு இது. ஏகாதசி விதி ஒரு தடைப்பட்டியல். அரிசி கூடாது, கோதுமை கூடாது, பருப்பு கூடாது என்று தானியங்களைப் பெயர் சொல்லி நிறுத்துகிறது. பட்டியலில் இல்லாதது எல்லாம் தாராளமாக வரலாம். உருளைக்கிழங்கைத் தடுக்க வேண்டுமென்றால் முதலில் அப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டும். கல்யாண மண்டப வாசலில் "இன்னின்னாரை விடாதே" என்று சொல்லி வைத்தால், முன்பின் தெரியாதவன் நேராகப் பந்தியில் போய் உட்கார்ந்துவிடுவான்.

நாம் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். யூதர்கள் பஸ்காப் பண்டிகையின்போது புளித்த மாவுப் பண்டம் எதையும் தொட மாட்டார்கள். கிழக்கு ஐரோப்பிய வழியினர் அரிசி, பயறு, மக்காச்சோளம் வரை ஒதுக்கினார்கள். ஆனால் உருளைக்கிழங்குக்கு அங்கேயும் ராஜமரியாதை. பிறகு கீன்வா வந்தபோது இது தானியமா இல்லையா என்று பெரிய வாதமே நடந்து, பலர் அனுமதித்துவிட்டார்கள். வெனிசுலாவில் கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் கேப்பிபாரா என்ற ஆட்டுக்குட்டி அளவு பெருச்சாளி இன விலங்கைச் சாப்பிடுகிறார்கள். தண்ணீரில் நீந்துகிறது, ஆகவே மீன் கணக்கு. பசி எந்த மதத்திலும் நல்ல வக்கீல்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஓர் அடுப்பு உண்டு, திவச அடுப்பு. அங்கே இருப்பது அனுமதிப்பட்டியல். வாழைக்காய், பாகற்காய், புடலை, அவரை, கொத்தவரை, சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல். காரத்துக்கு மிளகு. பாகற்காய்க்கு நூறு, பிரண்டைக்கு முந்நூறு, பலாவுக்கு அறுநூறு என்று மதிப்பெண் போட்டு, கூட எட்டுக் காய் சேர்த்து ஆயிரத்தெட்டுக் காய் சமைத்ததாகக் கணக்குக் காட்டும் வசிஷ்டர், விசுவாமித்திரர் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். தக்காளி, கேரட், கோஸ், மிளகாய், உருளைக்கிழங்கு எதற்கும் இடமில்லை. பூரி ஜகந்நாதர் மடைப்பள்ளியிலும் உருளை, தக்காளி, மிளகாய் உள்ளே போகாது. கப்பல் வருவதற்கு முந்தைய சமையல் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் மியூசியம் போக வேண்டாம், திவசச் சாப்பாடு சாப்பிட்டால் போதும். எங்கள் வீட்டுப் பட்டியலில் சர்க்கரைவள்ளி மட்டும் எப்படியோ நுழைந்திருக்கிறது. அதுவும் அமெரிக்காதான். யாரும் கவனிக்கவில்லை, நானும் வாத்தியாரிடம் போட்டுக்கொடுக்கவில்லை.

இதில் ஒரு சங்கடம். அப்பாவுக்கு உருளைக்கிழங்கு என்றால் உயிர். சின்னதாக நறுக்கி, இரும்புச் சட்டியில் முறுகலாக வறுத்த காரக்கறி. சட்டியின் அடியைச் சுரண்டி எடுத்து, அதில் சாதம் போட்டுப் பிசைந்து சாப்பிடுவார். அப்பா போய் ஏழு வருஷம். ஏழு திவசத்திலும் அவருக்கு இலையில் விழுந்தது, உயிரோடு இருந்தபோது தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்த பாகற்காய். சுருட்டும் சாராயமும் கோழிக்குழம்பும் வைத்துப் படைக்கிற வீடுகள் நம் ஊரில் எத்தனையோ உண்டு. போனவருக்குப் பிடித்ததை வைப்பதுதான் அங்கே முறை. நமக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி என்று ஒருதடவை அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் ஆகாது" என்று முடித்துவிட்டாள். விரதத்துக்கு ஆகும், அப்பாவுக்கு ஆகாது!

ஏகாதசி விஷயம் ஒருவழியாகத் தீர்ந்தது. நோயாளிக்கும் வயசானவர்களுக்கும் கட்டாயமில்லை என்று வாத்தியாரே சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரைக் கேட்டு ஒரு சமரசத்துக்கு வந்தோம். ஜவ்வரிசி, கிழங்கு ரெண்டும் கிடையாது. வெள்ளரிக்காய், மோர், கொஞ்சம் வேர்க்கடலைச் சுண்டல், மாத்திரை வேளைக்கு. அடுத்த ஏகாதசிக்கு மறுநாள் 146. "இது விரதம் மாதிரியே இல்லை, ரொம்பப் பசிக்கிறது" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. ஒவ்வொரு வருஷமும் திவசத்துக்கு மறுநாள் எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு காரக்கறி. இரும்புச் சட்டியில், முறுகலாக. ஏழு வருஷமும் நான் சாப்பிட்டிருக்கிறேன், யோசித்ததில்லை. நேற்று அம்மாவிடம் கேட்டேன்.

"வாங்கி வெச்சது முளை விட்டுடும், அதான் பண்ணினேன்" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.